கண்ணுக்குத் தெரியாத கோலப் புள்ளிகள்

"அம்மா, நம்ம வீட்டுல கடல்பாசி இருக்கா? டீச்சர் கேட்டாங்க!"

நாலாம் வகுப்புப் படிக்கும் என் கடைக்குட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் இப்படிக் கேட்டாள்.

"யாருக்குடி பிறந்த நாள்?" என்றேன். எங்கள் வீட்டில் கடல்பாசி என்றால் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, ஆறியதும் கட்டம் கட்டமாக வெட்டித் தின்பதுதான். ரம்ஜான் மாதத்தில் பக்கத்து பாய் வீட்டிலிருந்தும் ஒரு தட்டு வந்துவிடும். வேறு எதற்கு அது உதவும்?

"பிறந்த நாளுக்கு இல்லம்மா. கிருமிக்குச் சாப்பாடு!"

கிருமிக்குச் சாப்பாடா! விவரம் கேட்க மறுநாள் நானே பள்ளிக்கூடம் போனேன். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சின்ன ஆரம்பப் பள்ளி அது. டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாள். 2008-லிருந்து கொண்டாடுறாங்க. நாங்களும் வருஷா வருஷம் சார்ட் எழுதி ஒட்டுறோம். குழந்தைங்க கோஷம் போட்டுக்கிட்டுத் தெருவைச் சுத்தி வர்றாங்க. மறுநாள் பார்த்தா, மண்ணுல விளையாடின கையோட டிபன் பாக்ஸைத் திறக்கிறாங்க. கண்ணுக்குத் தெரியாததைப் பத்தி எவ்வளவு சொன்னாலும் மனசுல நிக்கலை. அதான் இந்தத் தடவை கண்ணாலயே காட்டிடலாம்னு இருக்கேன். கடல்பாசியைக் காய்ச்சித் தர ஒரு அம்மா வேணும்."

"அவ்வளவுதானே, நான் காய்ச்சித் தர்றேன்" என்றேன்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். வகுப்பில் ஒரு பையன். அவன் அம்மா நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவர். கொஞ்ச நாளாக அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அவன் கை தவறிப் பட்டுவிட்டால் "கிருமி ஒட்டிக்கிச்சு" என்று துடைத்துக்கொள்கிறார்களாம்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணும் அதுல ஒருத்தி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நான் அப்படியெல்லாம் சொல்லிக் கொடுக்கலையே!" என்று வாய் முந்திக்கொண்டது. சொல்லிக் கொடுத்தேனா இல்லையா என்பது அப்புறம்தான் எனக்கே தெரிந்தது.

குக்கரே சோதனைச்சாலை

டீச்சர் சொன்னபடி 300 மில்லி தண்ணீரில் 5 கிராம் கடல்பாசி, அரை சூப் கட்டி, அரை ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கரையும்வரை காய்ச்சினேன். வடிகட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்காமல் வைத்து, குக்கரில் வெயிட் போட்டு 20 நிமிஷம் வேகவிட்டேன். தண்ணீர் சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கிறது. குக்கருக்குள் நீராவியின் அழுத்தத்தால் சூடு 120 டிகிரி வரை ஏறுகிறது. கொதிநீருக்கும் தப்பிவிடும் சில பாக்டீரியாக்கள்கூட இந்தச் சூட்டில் பிழைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கத்தி, கத்தரிக்கோலைச் சுத்தப்படுத்தும் ஆட்டோகிளேவ் என்ற கருவியும் நம் குக்கரின் பெரியம்மா பெண்தான்!

டீச்சர் 12 பெட்ரி தட்டுகள் வாங்கி வைத்திருந்தார். மூடியுள்ள சின்ன வட்டத் தட்டுகள். காய்ச்சியதை ஊற்றியதும் கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போல உறைந்துவிட்டது. குழந்தைகளுக்கு நாக்கில் எச்சில் ஊறியதைப் பார்க்க வேண்டுமே! "இது கிருமியோட பந்திப்பா, நமக்கு இலை போடலை" என்று டீச்சர் சொல்ல, ஒரே சிரிப்பு.

முதல் தட்டை யாரும் தொடவில்லை. 2, 3, 4 எண் தட்டுகளில், விளையாடிவிட்டு வந்த மூன்று பேர் கை கழுவாமல் விரல்களை லேசாக ஒற்றினார்கள். என் பெண்ணுக்கு 3-ஆம் எண். 5, 6, 7-க்கு உரியவர்கள் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு வந்தார்கள். 8, 9, 10-க்கு உரியவர்கள் சோப் போட்டு, மெதுவாக இருபது எண்ணும்வரை தேய்த்துக் கழுவினார்கள். அந்தப் பையனுக்கு 9-ஆம் எண். யாருக்கு எந்த எண் என்பது டீச்சர் நோட்டில் மட்டும் இருந்தது.

இரண்டு தட்டுகள் மிச்சம். "ஆன்ட்டி, நீங்களும் வாங்க!" என்று குழந்தைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். காலையில் குளித்து, பூஜை முடித்து வந்தவள் நான். எனக்கென்ன பயம்? குழாயில் கையை ஒரு அலசு அலசி, முந்தானையில் துடைத்துவிட்டு 11-ஆம் தட்டில் ஒற்றினேன். 12-ஆம் தட்டுக்கு டீச்சர் ஆயாம்மாவைக் கூப்பிட்டார். அவர் அப்போதுதான் வராந்தாவைப் பெருக்கி முடித்திருந்தார். "இருங்கம்மா, கையைக் கழுவிட்டு வந்துடறேன்" என்று போனவர், சோப்பைக் குழைத்து விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, கையை உதறிக் காய வைத்துக்கொண்டு நிதானமாக வந்தார்.

தட்டுகளை மூடி, டேப் ஒட்டி, அலமாரியில் வைத்தார் டீச்சர். "இனி இதை யாரும் திறக்கக் கூடாது. மூடியோடதான் பார்க்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"எந்தத் தட்டு ரொம்ப மோசமா இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்?" என்று கேட்டதற்கு, "ஆயாம்மாது!" என்றது ஒரு குரல். "அவனோடதும்!" என்றது இன்னொன்று. எல்லோரும் சிரித்தார்கள். ஆயாம்மா வாசலிலேயே நின்றிருந்தார். ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சிரிக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் மனசிலும் அதே பதில்தான் இருந்தது.

கடல்பாசி தந்த இல்லத்தரசி

மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அந்த இடைவேளையில் டீச்சர் ஒரு கதை சொன்னார். பெண்களாகிய நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

ராபர்ட் காக் என்ற பெயரைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து 1882-இல் உலகுக்கு அறிவித்த ஜெர்மானிய டாக்டர். பாக்டீரியாக்களைத் தனித்தனி இனமாகப் பிரித்து வளர்க்க அவர் முதலில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளைப் பயன்படுத்தினார். பிறகு ஜெலட்டின். ஆனால் ஜெலட்டின் வெயில் காலத்தில் உருகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதைத் தின்றே கரைத்துவிடும்.

அவருடைய சோதனைச்சாலையில் வால்டர் ஹெஸ்ஸே என்ற டாக்டரும் வேலை செய்தார். 1881-இல் அவர் தட்டுகளும் வெயிலில் உருகிப் பாழாயின. வீட்டில் மனைவி செய்யும் ஜெல்லியும் புட்டிங்கும் மட்டும் எந்த வெயிலிலும் இளகாமல் நிற்கின்றனவே என்று யோசித்து, மனைவியையே கேட்டார். "அதில் நான் அகர் சேர்க்கிறேன்" என்றார் அந்த அம்மாள். அகர் என்பது வேறொன்றுமில்லை, நம் கடல்பாசிதான்! ஜாவா தீவில் இருந்துவிட்டு வந்த தெரிந்தவர்களிடம் கற்றுக்கொண்ட சமையல் குறிப்பு அது.

அந்த அம்மாளின் பெயர் ஃபேனி ஹெஸ்ஸே. 1850-இல் நியூயார்க்கில் பிறந்தவர். கணவரின் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குப் படம் வரைந்து கொடுத்து உதவியவர். அகர் ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரிக்கு மேல் போனால்தான் மறுபடி உருகும். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைத் தின்று கரைக்கவும் முடியாது. காக் 1882-ஆம் வருஷக் கட்டுரையில் அகரைப் பற்றி எழுதினார். அதைச் சொன்ன பெண்ணின் பெயரை எழுதவில்லை. 1887-இல் இந்த மூடித் தட்டை அமைத்த பெட்ரியின் பெயர் தட்டுக்கு நிலைத்துவிட்டது. தட்டுக்குள் இருக்கும் அகரைத் தந்தவர் பெயர் நமக்குத் தெரியாமலே போய்விட்டது, பாருங்கள்! இன்றைக்கும் உலகமெங்கும் ஆஸ்பத்திரி லேப்களில் பாக்டீரியாவை அகரில்தான் வளர்க்கிறார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்திலும் பெண்கள் கடலில் மூழ்கி, அகர் தயாரிக்க உதவும் பாசியைப் பறித்துப் பிழைக்கிறார்கள்.

தட்டுகள் பேசின

நாலாம் நாள் அலமாரியைத் திறந்தபோது நானும் போயிருந்தேன். ஒவ்வொரு தட்டாக வெளியே வந்தது. முதல் தட்டு வைத்தது வைத்தபடி தெளிவாக இருந்தது. 2, 3, 4 எண் தட்டுகளில் வெள்ளையும் சந்தன நிறமும் மஞ்சளுமாகப் புள்ளிகள், மார்கழி மாசக் கோலத்துக்கு வைத்தது போல. ஒன்றில் பஞ்சு மாதிரி பூஞ்சையும் படர்ந்திருந்தது. வெறும் தண்ணீரில் அலசியவர்களின் தட்டுகளிலும் கிட்டத்தட்ட அதே அளவு புள்ளிகள். சோப் போட்டவர்களின் தட்டுகளிலும் புள்ளி இல்லாமலில்லை. ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மிக மோசமான தட்டு எது தெரியுமா? 11-ஆம் எண். ஐந்து விரல் வைத்த இடமும் அச்சு எடுத்தது போல நெருங்க நெருங்கப் புள்ளி. 12-ஆம் எண்ணில் ஐந்தே ஐந்து.

டீச்சர் நோட்டைப் பிரித்து வாசித்தார். "12, ஆயாம்மா. 9," என்று அந்தப் பையனின் பெயரைச் சொன்னார். "11, ஆன்ட்டி."

வகுப்பு கப்சிப்! என் பெண் என் முகத்தையே பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அப்போது டீச்சர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "ஆன்ட்டி அழுக்கு, ஆயாம்மா சுத்தம்னு யாரும் முடிவு கட்டிடாதீங்க. ஒரு தடவை செஞ்சு பார்த்தா போதாது. ஆளை மாத்தி மறுபடி செய்வோம்" என்றார். அடுத்த வாரம் நான் மறுபடியும் கடல்பாசி காய்ச்சினேன். இந்த முறை அந்தப் பையன் கை கழுவவில்லை, என் பெண் சோப் போட்டாள். அவன் தட்டில் புள்ளிகள் குவிந்தன, அவள் தட்டில் குறைந்தன. எனக்கு இரண்டு தட்டுகள். சோப் போட்டுக் கழுவி, அப்படியே காயவிட்டு ஒன்றில் ஒற்றினேன். மறுபடி சோப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்து இன்னொன்றில் ஒற்றினேன். முதல் தட்டில் சில புள்ளிகள்தான். முந்தானைத் தட்டில் மறுபடியும் கோலம்! அடுப்படியில் கை துடைப்பது, குழந்தை மூக்கைச் சிந்துவது, பாத்திரம் பிடிப்பது என எல்லாவற்றுக்கும் ஒரே முந்தானை. பின்னே எப்படி இருக்கும்?

"இப்ப சொல்லுங்க, கிருமி யாருகிட்ட இருக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

"எல்லாருகிட்டயும்!" என்றன குழந்தைகள். யாரும் யார் பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்து முடித்த தட்டுகளை டீச்சரே கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முழுகவிட்டு, மறுநாள் அப்புறப்படுத்தினார். வளர்ந்ததில் கெட்ட கிருமியும் இருக்கக்கூடும் என்பதால் இந்த எச்சரிக்கை. ஆகவே சகோதரிகளே, பெட்ரி தட்டு விளையாட்டை வீட்டில் செய்ய வேண்டாம். குழந்தை ஆசைப்பட்டால் இரண்டு துண்டு ரொட்டி போதும். கழுவாத கையால் ஒன்றைத் தொட்டு, சோப் போட்டுக் கழுவிய கையால் இன்னொன்றைத் தொட்டு, தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, ஒரு வாரம் கழித்துத் திறக்காமலே பார்த்துவிட்டு எறிந்துவிடுங்கள். அதில் முக்கியமாக வளர்வது பாக்டீரியா அல்ல, பூஞ்சை. இதையும் குழந்தைக்குச் சொல்லிவிடுங்கள்.

சோப் என்னதான் செய்கிறது?

ஒவ்வொரு புள்ளியும் ஒரு பாக்டீரியா அல்ல. ஒன்றோ, ஒட்டிக்கொண்ட சிலவோ பெருகிப் பெருகி உண்டான லட்சக்கணக்கான பாக்டீரியாக்களின் கூட்டம். வசதி கிடைத்தால் சில இனங்கள் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று ஒரு மணி நேரத்தில் 8 ஆகும். அதே வேகத்தில் போனால் 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். குழந்தைகள் கரும்பலகையில் பெருக்கிப் பெருக்கிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

நம் தோலில் எப்போதும் எண்ணெய்ப் பசை உண்டு. கிருமிகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர் மட்டும் எண்ணெயைக் கரைக்காது. சோப்பின் ஒரு முனை எண்ணெயைப் பற்றும், மறுமுனை தண்ணீரைப் பற்றும். தேய்க்கத் தேய்க்க எண்ணெயையும் அதோடு கிருமியையும் பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். அதனால்தான் தேய்க்கும் நேரம் முக்கியம். 20 விநாடியாவது வேண்டும். சாப்பிடுமுன், சமைக்குமுன், குழந்தைக்கு ஊட்டுமுன், கழிப்பறை போய்வந்த பின், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின் இதைத் தவறவிடக் கூடாது. கை துடைக்கத் தனித் துண்டு வைத்து அதைத் தினமும் துவைத்துப் போடுங்கள். இல்லையென்றால் ஆயாம்மா மாதிரி உதறிக் காயவிடுங்கள். 2020-இல் கொரோனா வந்தபோது நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவியவர்கள்தானே நாம்? பயம் போனதும் பழக்கமும் போய்விட்டது.

பெரியவர்கள் கையிலும் கிருமி இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள டாக்டர்களே ஒரு காலத்தில் மறுத்தார்கள். வியன்னா நகர ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த வார்டில், மருத்துவச்சிகள் பார்த்த வார்டைவிட அதிகத் தாய்மார்கள் பிரசவ ஜுரத்தில் இறந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்ப்பதுதான் காரணம் என்று செம்மெல்வைஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். 1847-இல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று விதி செய்தார். நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்த மரணம் ஒன்றிரண்டாகக் குறைந்தது. அப்படியும் பல பெரிய டாக்டர்கள், "எங்கள் கையா நோயைக் கொண்டுவந்தது?" என்று அவரை ஏற்கவில்லை. 11-ஆம் தட்டைப் பார்த்தபோது எனக்கும் முதலில் அந்தக் கோபம்தான் வந்தது!

எல்லாப் பாக்டீரியாவும் பகையாளி அல்ல என்பதையும் டீச்சர் விடவில்லை. கடைசி நாளில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பாலில் ஒரு ஸ்பூன் தயிர் விட்டு மூடி வைக்கச் சொன்னார். மறுநாள் கெட்டித் தயிர்! அதுவும் பாக்டீரியாவின் வேலைதான். நம் குடலிலும் உணவு செரிக்கத் துணை செய்யும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன.

ஒரு டம்ளர்

இனி, நான் சொல்லிக் கொடுத்தேனா இல்லையா என்ற கதை.

இரண்டாம் முறைத் தட்டுகளைப் பார்த்த அன்று சாயங்காலம், எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவுக்கு வழக்கம்போல் காபி கலந்தேன். கொல்லைப்புற ஜன்னல் விளிம்பில் அவருக்கென்று ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்த்திருக்கும். என் மாமியார் காலத்து வழக்கம். நான் வந்தும் மாற்றவில்லை. கேட்டால் "எல்லாம் ஒரு சுத்தத்துக்குத்தான்" என்போம்.

என் பெண் அந்த டம்ளரைப் பார்த்தாள். "அம்மா, நம்ம டம்ளர் எல்லாத்தையும் அக்காதானே தேய்ச்சு வைக்கிறாங்க? அப்புறம் எதுக்கு அவங்களுக்கு மட்டும் தனி டம்ளர்?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பையனின் கை பட்டதும் துடைத்துக்கொள்ள அவளுக்கு எந்தப் பாடப் புத்தகம் கற்றுக் கொடுத்தது? வாயைத் திறக்காமல் நான்தான் தினமும் இரண்டு வேளை கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் அலமாரியிலிருந்த டம்ளரில் காபியை நீட்டினேன். அவர் வாங்காமல் ஜன்னலைப் பார்த்தார். "என் டம்ளரைக் காணோமேம்மா?" என்றார்.

"அது பழசாயிடுச்சு, இதுல குடிங்க" என்றேன். அப்போதுகூட எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. என் பெண்தான், "இல்லக்கா, இனிமே எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான்" என்று போட்டு உடைத்தாள். அவர் ஒன்றும் பேசாமல் குடித்தார். கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது: "சோப்பு போட்டுத்தானே தேய்ச்சிருக்கு? அப்ப சரிதான்."

இதைப் பெரிய சாதனையாகச் சொல்ல வரவில்லை. பதினோரு வருஷம் கழித்து ஒரு டம்ளர், அவ்வளவுதான். பள்ளியிலும் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை என்கிறார் டீச்சர். ஆனால் "கிருமி ஒட்டிக்கிச்சு" என்ற பேச்சு நின்றுவிட்டதாம். இப்போது மதியம் மணி அடித்ததும் வகுப்பே ஒருவரை ஒருவர் பார்த்து, "நீ சோப் போட்டியா?" என்று கேட்கிறதாம். போன வாரம் எட்டிப் பார்த்த தலைமையாசிரியையையும் விடவில்லையாம்!

கடல்பாசி இன்னும் ஒரு பொட்டலம் மிச்சம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பால் விட்டுக் காய்ச்சி, வகுப்புக்கே கொடுத்தனுப்பலாம் என்றிருக்கிறேன். ஆயாம்மாவுக்கும் சேர்த்துத்தான்.